ஹத்தீன், 1187: படையை வீழ்த்தியது தாகம் மட்டும்தானா?

வாசகர் ஒருவரின் கேள்வி, ஜூன் 11

ஹத்தீன் போரை எகிப்து, சிரியாவின் சுல்தான் சலாவுதீனின் மாபெரும் வெற்றி என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஜூலை வெயிலில், தண்ணீர் இல்லாத மேட்டுக்குத் தன் படையைத் தானே ஓட்டிச் சென்று கொன்றான் ஒரு மூட அரசன் என்பதே உண்மை. எதிரில் யார் நின்றிருந்தாலும் முடிவு அதுவாகத்தான் இருந்திருக்கும். மறுக்க முடியுமா?

ஜூன் 11, இரவு 9.20

மறுக்க முடியும். தாகம் உண்மை, அது தற்செயலாக வந்ததன்று. சிலுவைப் படையினரின் எருசலேம் அரசர் கீ தெ லூசின்யான் தவறான முடிவெடுத்தார் என்பதும் உண்மை. ஆனால் அந்த முடிவை மூடத்தனம் என்ற ஒரு சொல்லில் அடைத்துவிட்டால், 1183 முதல் எருசலேம் அரசவையில் நடந்தவை எல்லாம் கணக்கில் வராமல் போய்விடும். விரிவாக நாளை எழுதுகிறேன்.

ஜூன் 12, காலை 7.05

முதலில் நிலப்பரப்பு. சிலுவைப் படை கூடியிருந்த இடம் நாசரேத்துக்கு வடக்கே உள்ள சப்பூரியா. நல்ல ஊற்றுகள் உள்ள இடம். கலிலேயாவில் படையெடுப்பு என்றால் எருசலேம் அரசின் படை வழக்கமாக அங்கேதான் முகாமிடும். சலாவுதீன் 1187 ஜூலை 2 அன்று திபேரியா நகரத்தைத் தாக்கிப் பிடித்துவிட்டார். உள்கோட்டையில் மட்டும் திரிப்போலி பிரபு ரேமண்டின் மனைவி எஷீவா சிறு காவற்படையுடன் எதிர்த்து நின்றார். சப்பூரியாவுக்கும் திபேரியாவுக்கும் இடையே 25 முதல் 30 கிலோமீட்டர்.

குளிர்காலமாக இருந்தால் ஒரே நாளில் நடந்துவிடக்கூடிய தூரம்தான் இது. ஜூலையில், இருபுறமும் குதிரை வில்லாளிகள் மொய்த்துக்கொண்டிருக்க, ஓர் இடத்தில் நின்றால் பின்படை அறுபட்டுவிடும் என்ற நிலையில் நடப்பது வேறு. வழியில் துரான் என்னும் ஊரில் ஓர் ஊற்று உண்டு. ஜூலை 3 நண்பகல் அளவில் படை அதன் அருகே வந்தது. ஆனால் அங்கே தங்காமல் மேலே நடந்தது. படை கடந்து சென்றதும் சலாவுதீனின் ஆட்கள் அந்த ஊற்றைப் பின்பக்கமாகக் கைப்பற்றினார்கள். முன்னே கலிலேயாக் கடல் எனப்படும் நன்னீர் ஏரிக்கும் ஹத்தீன் ஊர் ஊற்றுக்கும் போகும் வழிகளில் அவருடைய முதன்மைப் படை ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. இப்படி முன்னும் பின்னும் நீரை அடைப்பதற்கு இடம் தெரிந்த, கட்டளைக்கு உடனே அசைகிற படை தேவை. எதிரில் யார் நின்றிருந்தாலும் இதுவே நடந்திருக்கும் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று: திபேரியாவைத் தாக்கியதே ஒரு தூண்டில்தான். சலாவுதீனுக்கு அந்த ஊர் அவ்வளவு முக்கியமன்று. சப்பூரியாவின் ஊற்றை விட்டுப் படையை வெளியே இழுப்பதுதான் நோக்கம் என்பதில் இரு தரப்பு நூல்களுக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

ஜூன் 12, பிற்பகல் 1.40

துரானில் தங்கியிருந்தால் பிழைத்திருப்பார்களே என்று ஒருவர் கேட்கிறார். அந்த ஊற்று ஒரு படைக்குப் போதுமா என்பதிலேயே வரலாற்றாசிரியர்கள் உடன்படவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். படையில் ஏறக்குறைய 20,000 பேர் இருந்தார்கள் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. அவர்களில் கவசக் குதிரைவீரர்கள் ஏறத்தாழ 1,200 பேர். அவர்களின் குதிரைகள், இலகுரகக் குதிரைப்படை, சுமை விலங்குகள் எல்லாம் சேர்த்து 5,000 என வைத்துக்கொள்வோம். கோடையில் ஓடியாடும் குதிரைக்கு ஒரு நாளைக்கு 30 லிட்டர் என்றால் 1,50,000 லிட்டர். ஆளுக்கு 5 லிட்டர் என்றால் 1,00,000 லிட்டர். இரண்டரை லட்சம் லிட்டர் என்பது நம் ஊர்த் தண்ணீர் லாரிக் கணக்கில் 12,000 லிட்டர் கொள்ளளவுள்ள வண்டிகள் இருபதுக்கும் மேல். ஒரு கிராமத்து ஊற்றின் முன் அத்தனை பேரும் முறை வைத்துக் குடித்து முடிப்பதற்குள் இரவாகியிருக்கும். மறுநாள் மறுபடியும் அதே தேவை.

எனவே துரானில் நிற்காததை மட்டும் குற்றமாகக் காட்ட இயலாது. குற்றம் சப்பூரியாவை விட்டுக் கிளம்பியதில் இருக்கிறது. அது ஜூலை 2 நள்ளிரவில் எடுக்கப்பட்ட முடிவு.

ஜூன் 13, இரவு 10.15

அந்த நள்ளிரவைப் பற்றி.

மாலையில் கூடிய ஆலோசனை அவையில் ரேமண்ட், நகரும் தன்னுடையது, கோட்டைக்குள் இருப்பவளும் தன் மனைவி, ஆனாலும் திபேரியா போகட்டும், படையை அசைக்க வேண்டாம் என்று வாதிட்டதாகவும், அவை அதை ஏற்றுக் கலைந்ததாகவும் பிராங்கிய நூல்கள், அதாவது சிலுவைப் படைத் தரப்பு நூல்கள், கூறுகின்றன. எல்லோரும் உறங்கச் சென்றபின் டெம்ப்ளர் துறவிவீரர்களின் தலைவர் ஜெரார்ட் தெ ரிடஃபோர்ட் அரசரின் கூடாரத்துக்குத் தனியே சென்று, துரோகியின் பேச்சைக் கேட்கிறீர்களா என்று கேட்டு மனத்தை மாற்றினார். விடியலில் புறப்படக் கட்டளை வந்தபோது பிரபுக்கள் திகைத்தார்கள். காரணம் கேட்டவர்களுக்கு அரசர் பதில் சொல்லவில்லை.

கதை இவ்வளவோடு நின்றால் கீ கடைசியாக யார் பேசினாலும் தலையாட்டும் ஆள் என்று தோன்றும். இங்கேதான் 1183 வருகிறது. அந்த ஆண்டு, தொழுநோயால் நலிந்திருந்த அரசர் நான்காம் பால்ட்வினுக்குப் பதிலாக ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் இதே கீ. சலாவுதீன் இதேபோல் கலிலேயாவுக்குள் வந்தார். ஏறக்குறைய 1,300 குதிரைவீரர்களோடு எருசலேம் அரசு அதுவரை திரட்டியவற்றில் மிகப் பெரிய படைகளுள் ஒன்று கீயிடம் இருந்தது. அவர் ஊற்றுகளின் அருகே படையை நிறுத்திப் போருக்கு இறங்காமல் காத்திருந்தார். சலாவுதீன் ஒரு வாரத்துக்குச் சற்று மேல் பார்த்துவிட்டு உணவு தீர்ந்து திரும்பிப் போனார். பாடநூல் சொல்லும் தற்காப்பு இதுதான். தீரு நகரப் பேராயர் வில்லியம் எழுதுவதைப் பார்த்தால், முகாமில் உணவு குறைந்தபோது அந்த ஊற்றிலேயே மீன் கிடைத்துப் படை பசியாறியது என்றுகூடத் தெரிகிறது. மீன் வரைக்கும் எல்லாம் சரியாக அமைந்தது.

அதற்குக் கிடைத்த பரிசு என்ன? கோழை, கையாலாகாதவன் என்ற பழி. அதே ஆண்டிலேயே ஆட்சிப் பொறுப்பு பறிக்கப்பட்டது. அரசர் பால்ட்வின் தம் அக்கா சிபில்லாவுக்கும் கீக்கும் நடந்த திருமணத்தையே ரத்துசெய்ய முயன்றார். பால்ட்வின் 1185-இலும், சிபில்லாவின் சிறுவயது மகன் ஐந்தாம் பால்ட்வின் 1186-இலும் இறந்த பிறகு, சிபில்லா முடிசூடித் தன் கையாலேயே கீக்கும் முடி சூட்டியதால்தான் இவர் அரசரானார். அவரை அரசராக ஏற்க மறுத்தவர்களின் தலைவர் ரேமண்ட்.

இப்போது ஜூலை 2 இரவைத் திரும்பப் பாருங்கள். காத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பது இந்த மனிதருக்கு அனுபவத்தில் தெரியும். காத்திரு என்று சொல்பவரோ அவர் அரசராவதை எதிர்த்தவர். போ என்று சொல்பவரோ அவரை அரசராக்க உதவியவர். அதோடு, இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றி எருசலேமுக்காக டெம்ப்ளர்களிடம் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக் கூலிப்படை திரட்டக் கொடுத்தவர். சரியாகச் செய்ததற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவர் இரண்டாம் முறை அதையே செய்வார் என்று எதிர்பார்ப்பது கடினம். நான் மூடத்தனம் என்ற சொல்லை ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

ஜூன் 13, இரவு 11.50

ஜெரார்டுக்கும் ரேமண்டுக்கும் உள்ள பகையைப் பற்றிக் கேட்டவருக்கு: ஜெரார்ட் துறவிவீரராவதற்கு முன், செல்வமுள்ள மணப்பெண் ஒருத்தியைக் கட்டித் தருவதாக ரேமண்ட் வாக்களித்திருந்தாராம். பிறகு பீசா நகர வணிகர் ஒருவர் அந்தப் பெண்ணின் எடைக்கு எடை பொன் தர முன்வந்ததும் வாக்கு காற்றில் பறந்தது. பெண்ணைத் தராசில் நிறுத்திய காட்சியை வரலாற்று நூல் எழுதியவர் மிகவும் ரசித்து எழுதியிருப்பதால் பொன்னின் அளவை அப்படியே நம்பத் தேவையில்லை, பகையை நம்பலாம். ஒரு கல்யாணப் பேச்சு முறிந்ததன் வட்டி அரச கணக்கில் ஏறியது.

ஜூன் 15, காலை 6.30

தாகத்தைப் பற்றி ஒன்று எழுத வேண்டும், ஏனென்றால் இங்கே பலர் அதை ஏதோ மனவுறுதிக் குறைவு போலப் பேசுகிறார்கள்.

நான் குவைத்தில் கட்டுமானத் தளங்களில் மேற்பார்வையாளனாகப் பல கோடைகள் கழித்தவன். ஒரு ஜூலையில் தண்ணீர் வண்டி காலையில் வரவில்லை. சாரம் கட்டுபவர்கள் இடுப்புப் பட்டையும் தலைக்கவசமுமாக வேலையில் இருந்தார்கள். முதலில் சத்தம் குறைந்தது. பிறகு வியர்வை நின்றது. நெற்றியில் உப்புப் பொரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. அதன்பின் ஒருவர் ஒரு தூணின் நிழலில் உட்கார்ந்தார். அவர் பின்னால் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். ஃபோர்மேன் கத்தியபோது முகத்தைத் திருப்பிப் பார்த்தார்கள், எழவில்லை. அதில் எதிர்ப்பும் இல்லை, கோபமும் இல்லை. சொன்னது காதில் விழுந்தது, கால் கேட்கவில்லை.

ஜூலை 4 காலையில் காலாட்படை வீரர்கள் அணியை விட்டு விலகி ஹத்தீன் கொம்புகள் எனப்படும் இரட்டைக் குன்றின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டதையும், அரசரும் ஆயர்களும் ஆளனுப்பி மன்றாடியும் இறங்க மறுத்ததையும் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தூண் நிழல்தான் நினைவுக்கு வரும். தாகத்தால் செத்துக்கொண்டிருக்கிறோம், போரிட மாட்டோம் என்பது அவர்களின் பதிலாகப் பதிவாகியிருக்கிறது. அவர்கள் உடலில் பஞ்சு வைத்துத் தைத்த தடித்த அங்கி இருந்தது. முந்தைய விடியலில் இருந்து நடந்து, இரவு முழுவதும் மஸ்கானா மேட்டில் ஒரு துளியும் இல்லாமல் கிடந்தவர்கள். குன்றின் உச்சி கடல் மட்டத்துக்கு மேல் 325 மீட்டர் அளவில் இருக்கிறது. கலிலேயாக் கடலின் நீர்மட்டம் கடல் மட்டத்துக்குக் கீழே 210 மீட்டர் அளவில். மேலே இருப்பவனுக்கு ஏரி முழுதாகத் தெரியும்.

ஜூன் 15, மாலை 5.10

காலையில் எழுதியதோடு ஒன்றைச் சேர்த்துப் படியுங்கள், இல்லாவிட்டால் நானும் வெயிலே போரை முடித்தது என்று சொல்வதுபோல் ஆகிவிடும். அதே வெயில் சலாவுதீனின் 30,000 பேருக்கும் அடித்தது. அவர்கள் குடித்தார்கள், ஏனென்றால் ஏரியிலிருந்து ஒட்டகங்கள் துருத்தி துருத்தியாக நீர் சுமந்து மேட்டுக்கு வந்துகொண்டே இருந்தன. அவருடைய செயலர் இமாதுத்தீன் தரும் கணக்கில், அன்றிரவு 400 சுமை அம்புகள் பகிர்ந்தளிக்கப்பட்டன. போர் நடக்கும்போதே அம்பு தீர்ந்தவர்களுக்குக் கொடுப்பதற்கென்று 70 ஒட்டகங்கள் தனியே நிறுத்தப்பட்டன. காற்றின் திசை பார்த்துக் காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தார்கள். புகை நேராக எதிரியின் முகத்துக்குப் போனது. தாகத்தை ஒரு போர்க்கருவியாக ஆக்க இவ்வளவு ஏற்பாடு வேண்டியிருந்தது.

ஜூன் 16, காலை 8.00

சிலுவைப் படையில் இரண்டு லட்சம் பேர் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எருசலேம் அரசின் வயது வந்த ஆண்களை எல்லாம் தொட்டிலோடு சேர்த்துக் கூட்டினாலும் அந்தக் கணக்கு வராது. இடைக்கால நூல்களில் எதிரியின் எண்ணிக்கை என்பது வென்றவர் வாங்கிக்கொள்ளும் பாராட்டுப் பத்திரம்.

ஜூன் 18, இரவு 9.45

ரேமண்ட் துரோகியா என்ற கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்திருக்கிறது.

அவருக்கு எதிரான சான்றுகளை முதலில் சொல்கிறேன். கீ அரசரானபின் அவர் சலாவுதீனோடு தனி உடன்படிக்கை செய்துகொண்டார். அதன்படி 1187 மே 1 அன்று முஸ்லிம் குதிரைப்படை ஒன்று தம் நிலத்தின் வழியே போய்வர அனுமதித்தார். அந்தப் படையை நாசரேத்துக்கு அருகே கிரெஸ்ஸோன் ஊற்றில் ஏறக்குறைய 130 குதிரைவீரர்களுடன் எதிர்த்துப் பாய்ந்தவர் ஜெரார்ட். அவரும் சிலரும் தப்ப, மற்றவர்கள் மடிந்தார்கள். ஹாஸ்பிட்டலர் என்னும் இன்னொரு துறவிவீரர் சபையின் தலைவர் ரோஜெர் தெ மூலென் அங்கேயே இறந்தார். அதற்குப் பிறகுதான் ரேமண்ட் வெட்கி அரசரோடு சமாதானமானார். ஹத்தீனில் அவர் முன்படையோடு பாய்ந்தபோது சலாவுதீனின் அண்ணன் மகன் தகியுத்தீன் அணியைத் திறந்து வழிவிட்டார். பாய்ந்தவர்கள் அந்தப் பக்கம் போனபின் அணி மூடிக்கொண்டது. ரேமண்ட் திரும்பி வரவில்லை. தீருவுக்குப் போய்ச் சேர்ந்து, அதே ஆண்டிலேயே நோயுற்று இறந்தார்.

வழி விட்டதைக் கூட்டுச் சதியாகப் பார்த்தவர்கள் அக்காலத்திலேயே இருந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கவசக் குதிரைகளின் பாய்ச்சலை எதிர்கொண்டு நிற்பதைவிட விலகி விடுவது இலகுரகப் படைக்கு இயல்பான தந்திரம். செங்குத்தான சரிவில் கீழே போனவர்களால் மேலேறி மீண்டும் தாக்க முடியாது.

ஆனால் அவரைத் தீர்க்கதரிசியாக்குவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. சப்பூரியா அவையில் அவர் பேசியதை நமக்குச் சொல்பவர்களில் முக்கியமான பிராங்கிய நூல், பின்படையோடு நின்று தப்பிய இபெலின் பிரபு பாலியனின் பணியாளர் வட்டத்திலிருந்து கிளைத்தது. பாலியன் ரேமண்டின் அணி. மோசுலைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் இப்னுல் அதீரும் ஏறக்குறைய அதே பேச்சைத் தருகிறார். போர்க்களத்திலேயே இருந்த இமாதுத்தீனோ, திபேரியா போனதைக் கேட்டுப் பதறி, இனிச் சும்மா இருக்க முடியாது என்று படையைக் கிளப்பியவரே ரேமண்ட்தான் என்கிறார். இமாதுத்தீனுக்கு அலங்கார உரைநடை மீது தீராத காதல் உண்டு, எதிரி முகாமின் கூடாரத்துக்குள் அவருக்குக் காதும் இல்லை. ஆகவே நான் மற்றவர்கள் பக்கமே சாய்கிறேன். சாய்கிறேன், அவ்வளவுதான். தோற்ற போருக்குப் பின் எழுதப்படும் நூல்களில், நான் அப்போதே சொன்னேன் என்பவர்களின் எண்ணிக்கை எப்போதும் கூடுதலாக இருக்கும்.

ஜூன் 19, இரவு 10.30

போரின் கடைசி மணிநேரத்துக்கு வருகிறேன். எதிரில் யார் நின்றாலும் என்ற வாதத்துக்கு இதுவும் பதில்.

குன்றின்மேல் அரசரின் செந்நிறக் கூடாரத்தைச் சுற்றி எஞ்சிய குதிரைவீரர்கள் கூடினார்கள். காலாட்படை இல்லை, பல குதிரைகள் அம்பு பட்டு வீழ்ந்துவிட்டன. ஆனாலும் அங்கிருந்து கீழ்நோக்கிப் பாய்ந்தார்கள். இலக்கு சலாவுதீன் நின்ற இடம். அவர் மகன் அல்அஃப்தல் சொன்னதை இப்னுல் அதீர் பதிந்திருக்கிறார். பிராங்கியர் பாய்ந்து முஸ்லிம்களைத் தந்தை நிற்கும் இடம்வரை தள்ளினார்கள். தந்தையின் முகம் வெளுத்தது. தாடியைப் பற்றிக்கொண்டு, சாத்தானைப் பொய்யனாக்குங்கள் என்று கூவி முன்னேறினார். எதிரிகள் பின்வாங்கியதும் மகன், வென்றுவிட்டோம் என்று கத்தினான். மறுபடியும் பாய்ந்தார்கள், மறுபடியும் தள்ளினார்கள். மகன் மறுபடியும் கத்தினான். தந்தை திரும்பி, பேசாதே, அந்தக் கூடாரம் விழும்வரை நாம் வெல்லவில்லை என்றார். சொல்லும்போதே கூடாரம் சாய்ந்தது. சலாவுதீன் குதிரையிலிருந்து இறங்கித் தரையில் விழுந்து வணங்கி அழுதார்.

தாடியைப் பற்றிய அந்தக் கை எனக்கு முக்கியம். முடிவு உறுதியான போரில் தளபதியின் முகம் வெளுக்காது. மேலும், தோற்றால் அவருக்கும் மீட்சி இல்லை. எகிப்து, சிரியா, மெசப்பொத்தேமியா என்று பல இடத்துப் படைகள் பருவத்துக்கு மட்டும் வந்தவை. அறுவடைக்கும் குளிருக்கும் ஊர் திரும்பிவிடும். பத்தாண்டுக்கும் மேலாகச் சலாவுதீன் அலெப்போவோடும் மோசுலோடும், அதாவது முஸ்லிம்களோடுதான் அதிகம் போரிட்டார் என்ற குறை அவர் தரப்பிலேயே இருந்தது. அவருக்கு ஒரு பெரிய போர் தேவைப்பட்டது. கீக்கும் தேவைப்பட்டது. தேவை இல்லாமல் இருந்தது சப்பூரியாவின் ஊற்றுக்கு மட்டும்.

ஜூன் 20, காலை 7.30

இன்றைய மதச் சண்டைக்கு இதைச் சான்றாகக் கொண்டுவருபவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. சிலுவைப் படையில் டர்கோபோல் எனப்பட்ட, உள்ளூரில் திரட்டிய இலகுரகக் குதிரைவீரர்கள் இருந்தார்கள். ரேமண்டின் ஆட்கள் சிலர் போருக்குச் சற்று முன் சலாவுதீனிடம் ஓடிப்போய்ப் படையின் அவலநிலையைச் சொன்னார்கள். இரண்டு மதங்கள் மோதிய போர்தான். ஆனால் யாரும் தம் மதத்தாரின் கணக்குகளை மறந்துவிட்டுக் களத்துக்கு வரவில்லை.

ஜூன் 21, இரவு 9.00

போர் முடிந்தபின், கைதியான கீயும் மற்றவர்களும் கொண்டுவரப்பட்ட சலாவுதீனின் கூடாரத்தில் நடந்ததை எல்லோரும் அறிவார்கள் என்பதால் சுருக்கமாக: சலாவுதீன் குளிர்ந்த பானத்தைக் கீயிடம் கொடுத்தார், கீ குடித்துவிட்டுப் பக்கத்திலிருந்த கேராக் கோட்டைப் பிரபு ரெனால்டிடம் நீட்டினார். இவனுக்கு நான் தரவில்லை என்று சலாவுதீன் அறிவித்தார். தன் நீரைப் பருகிய கைதியைக் கொல்லலாகாது என்பது மரபு. போர்நிறுத்தக் காலத்தில் வணிகக் கூட்டத்தைக் கொள்ளையிட்டவர் ரெனால்ட். அவரைச் சலாவுதீன் தன் கையாலேயே வெட்டினார்.

இதைக் கருணை, கண்ணியம் என்று மட்டும் எழுதுபவர்கள் இரண்டு நாள் கழித்து நடந்ததைத் தாண்டிச் செல்கிறார்கள். கைதியான டெம்ப்ளர், ஹாஸ்பிட்டலர் வீரர்களை ஆளுக்கு 50 தினார் கொடுத்துப் பிடித்தவர்களிடமிருந்து வாங்கி, ஏறக்குறைய 200 பேரை வெட்டச் செய்தார் சலாவுதீன். வெட்டியவர்களில் பலர் போர்வீரர்கள் அல்லர். சூஃபிகளும் அறிஞர்களும் முன்வந்து வாள் கேட்டார்கள். சிலருக்கு ஒரே வீச்சில் தலை துண்டிக்க வராததை இமாதுத்தீன் மறைக்கவில்லை. அதைக் கண்டு சிரித்ததையும் எழுதுகிறார். சாதாரண வீரர்கள் அடிமைச் சந்தைக்குப் போனார்கள். தமஸ்குவில் ஓர் ஆளின் விலை 3 தினாருக்கு விழுந்தது. ஒருவரைக் காலணி ஒன்றுக்கு மாற்றிக்கொண்டார்கள் என்ற செய்தியும் உண்டு.

ஜூன் 23, இரவு 10.05

ஒரு நாள் போரில் ஓர் அரசே போனது எப்படி என்று கேட்கிறீர்கள். கோட்டைகளின் காவற்படைகளைக் காலிசெய்துதான் அந்த 20,000 பேர் திரட்டப்பட்டார்கள். வேறு படை இல்லை. அக்கோ ஜூலை 10-க்குள் பணிந்தது. ஜூலை 29 சீதோன், ஆகஸ்ட் 6 பெய்ரூத், செப்டம்பர் 4 அஸ்கலோன், அக்டோபர் 2 எருசலேம். எருசலேமில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே வீரர்கள் இருந்ததால் பாலியன் பிரபுக் குடும்பத்துப் பையன்களுக்கு வீரர் பட்டம் கட்டி மதிலில் நிறுத்தினார். தீரு மட்டும் பிடிபடவில்லை. பின்னால் மூன்றாம் சிலுவைப் போருக்கு வாசல் திறந்து வைத்தது அந்த ஒரு துறைமுகம்தான்.

ஜூன் 24, இரவு 9.30

கீயைப் பற்றி இன்னும் ஒன்று, முதலில் கேட்டவருக்காக. 1188-இல் விடுதலையான அவரைத் தீரு நகரம் உள்ளே விடவில்லை. நாடில்லாத அந்த அரசர் 1189 ஆகஸ்டில் சிறு படையோடு போய் அக்கோவை முற்றுகையிட்டார். விரைவில் சலாவுதீன் வந்து அவரையே வெளியிலிருந்து வளைத்தார். ஹத்தீனைவிடப் பித்துக்குளித்தனமான முடிவாகத்தான் அது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இம்முறை அவர் முதுகுக்கு அருகே கடல் இருந்தது, கப்பலில் ஆளும் உணவும் வந்துகொண்டிருந்தன. 1191 ஜூலை 12 அன்று அக்கோ விழுந்தது.

அதன்பின் இங்கிலாந்து அரசர் ரிச்சர்ட் அக்கோவிலிருந்து தெற்கே நடத்திச் சென்ற படையைப் பாருங்கள். ஆகஸ்ட் வெயில், அதே குதிரை வில்லாளிகள், அதே சலாவுதீன். ரிச்சர்ட் கடற்கரையை விட்டு விலகவில்லை. கப்பல்கள் பக்கத்திலேயே வந்தன. நாளுக்குக் குறைந்த தூரமே நடந்தார்கள். வெயில் ஏறுமுன் ஓடைக்கரைகளில் முகாமிட்டார்கள். நிலப்பக்கம் காலாட்படை மதில்போல நடந்தது, குதிரைகள் உள்ளே. கடலோரம் நடப்பவர்கள் முறை மாற்றி இளைப்பாறினார்கள். செப்டம்பர் 7 அன்று அர்சூஃபில் சலாவுதீன் முழு வலிமையோடு தாக்கித் தோற்றார். அவரிடம் வில்லும் அம்பும் வெயிலும் முன்போலவே இருந்தன, தண்ணீரை மட்டும் அடைக்க முடியவில்லை.